பெடலின் கடைசி நுனியில் மட்டும் சத்தம் குறைந்தால்

எக்ஸ்பிரஷன் பெடலை (காலால் சத்தத்தை ஏற்றி இறக்கும் பெடல்) குதிகால் பக்கம் கொண்டுவரும்போது கீபோர்டின் சத்தம் குறையவே இல்லை. கடைசி விரற்கடையில் பொத்தென்று விழுந்தது. பெடலுக்குள் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டர் (மாறும் மின்தடை) தேய்ந்துவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். அவசரப்பட்டு மாற்றாதீர்கள். மல்டிமீட்டரில் அதன் மூன்று கால்களில் நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் இடையே 0 முதல் 10 கிலோ ஓம் வரை சீராக ஏறியது. ஆக, பெடல் நன்றாகவே இருக்கிறது.

கோளாறு இணைப்பில். பிளக்கில் நுனி, வளையம், ஸ்லீவ் (கிரவுண்டு) என மூன்று தொடுமுனைகள். நடுக்கால் ஒயரை இந்தக் கீபோர்டு பிளக்கின் நுனியில் எதிர்பார்க்கிறது. பெடலில் அது வளையத்துக்குப் போயிருந்தது. பிளக்கைத் திறந்து, அந்த இரண்டு ஒயர்களை மட்டும் இடம்மாற்றிப் பற்றவைத்தேன். ஸ்லீவைத் தொடவில்லை. ஏற்ற இறக்கம் வழுக்கிக்கொண்டு வந்தது, அவ்வளவு அழகு!

மோனோ கேபிள் (வளையம் இல்லாத பிளக் கொண்டது) கூடாது. கீபோர்டின் சாக்கெட்டில் வளையமும் ஸ்லீவும் ஒட்டிக்கொள்ளும். மிடியில் (மின்னணு இசைக்கருவிகள் பேசிக்கொள்ளும் முறை) பெடலை 7-ஆம் கட்டுப்பாட்டு எண்ணுக்கு (சேனலின் ஒட்டுமொத்த சத்தம்) அல்ல, 11-க்கு (எக்ஸ்பிரஷன்) ஒதுக்குங்கள். மிக்ஸ் அளவு கலையாது.