ராத்திரி உறுத்தினால் காலையில் சரியாகிவிடுமா? கருவிழி விஷயத்தில் நாம் செய்கிற தவறுகள்

பர்மாவின் பெகுவில் என் மச்சான் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். முகமூடி ஆணியில் தொங்கும், அவரோ "ரெண்டு இடத்துல பத்த வைக்க அது எதுக்கு" என்று இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வேலையை முடிப்பார். பகலில் ஒன்றும் தெரியாது. ராத்திரிதான் மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்தி, கண்ணீர் கொட்டி, விளக்கைப் பார்க்கவே முடியாமல் போகும். இரண்டு நாளில் சரியாகிவிடும், அவரும் மறந்துவிடுவார்.

மறப்பதுதான் முதல் தவறு.

மொஹிங்கா என்ற மீன் நூடுல்ஸ் குழம்புக்கு நறுக்கிய வாழைத்தண்டைச் சும்மா வைத்தால் கறுத்துப்போகும், மோரில் போட்டால் கறுக்காது இல்லையா? கருவிழியிலும், அதாவது கண்ணின் முன்பக்கம் மூடியிருக்கும் தெளிவான படலமான கார்னியாவிலும், ஏறக்குறைய அதே கதை. புற ஊதாக் கதிரும் புகையும் படும்போது செல்களுக்குள் ஃப்ரீ ராடிகல்கள் என்ற நிலையில்லாத மூலக்கூறுகள் பெருகி, கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று அகப்பட்டதையெல்லாம் தாக்கும். வைட்டமின் சியும், செல்கள் தாங்களே தயாரிக்கும் குளுட்டாதயோன் என்ற பொருளும்தான் அங்கே மோர். அவை சமாளிக்க முடியாத அளவுக்குப் போவதைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

கருவிழியின் தடிப்பு நடுவில் அரை மில்லிமீட்டர்தான். மேல்தோல் ஒரு வாரம் பத்து நாளில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், மச்சானுக்கு வலி போவது அதனால்தான். ஆனால் உள்பக்கம் ஒரே ஒரு அடுக்காக, பெரியவர்களுக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,500 செல்கள் இருக்கின்றன. கருவிழிக்குள் ஊறும் நீரை இறைத்து வெளியேற்றி, அதைத் தெளிவாக வைத்திருப்பது இவைதான். செத்தால் புதிதாக முளைக்காது, பக்கத்துச் செல் நீண்டு இடத்தை அடைக்கும், அவ்வளவுதான். ஃபூக்ஸ் என்ற நோயில் இவை வேகமாக மடிவதற்கு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் ஒரு முக்கியக் காரணம்.

அடுத்தது கடையில் வாங்கும் சொட்டு மருந்து. வலியை மரத்துப்போகச் செய்யும் சொட்டு சொர்க்கம் மாதிரி இருக்கும், ஆனால் திரும்பத் திரும்ப விட்டால் மேல்தோல் ஆறவே ஆறாது, கருவிழியே கரைந்துபோன கதையும் உண்டு. ஸ்டீராய்டு சொட்டும் டாக்டர் சொல்லாமல் வேண்டாம். வைட்டமின் சி நல்லது என்று படித்துவிட்டு எலுமிச்சம்பழத்தைக் கண்ணில் பிழிகிற ஆட்களும் நம்மில் இருக்கிறார்கள், அது அமிலம், சாமி!

வெயில் விஷயத்தில் நமக்குத் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய கன்னம்தான் கணக்கு, கண் கணக்கிலேயே இல்லை. சந்தையில் வாங்கும் கறுப்புக் கண்ணாடி எவ்வளவு கறுப்பு என்பது முக்கியமில்லை, புற ஊதாக் கதிரைத் தடுக்கிறதா என்பதே கேள்வி. தடுக்காவிட்டால், கூச்சம் குறைந்து இமையை நன்றாகத் திறந்து வைத்திருப்போம், கதிர் இன்னும் தாராளமாக விழும். யூவி 400 என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள், மூங்கில் தொப்பியும் இருந்தால் நல்லது.

கண்ணைக் கசக்குவது, காண்டாக்ட் லென்ஸோடு தூங்குவது இரண்டையும் விட்டுவிடுங்கள். கருவிழிக்கு ரத்தக்குழாய் கிடையாது, ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றிலிருந்துதான் வருகிறது.

அப்புறம், இரண்டு நாளுக்கு மேல் வலி நீடித்தாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளையாக எதாவது தெரிந்தாலோ, கடைக்குப் போகாமல் நேரே கண் டாக்டரிடம் போய்விடுங்கள்.