முற்றுகைக்குள்ளான மலையுச்சிக் காவலரணில் ஒரு நாளைக் கழிக்கும் முறை

1968 ஜனவரியில் வியட்நாமின் கே சான் தளத்தை வட வியட்நாமியப் படை சூழ்ந்து 77 நாள்கள் முற்றுகையிட்டபோது, தளத்துக்கு மேற்கே 881 தெற்கு என்ற குன்றின் உச்சியை கேப்டன் வில்லியம் டாப்னியின் தலைமையில் அமெரிக்க மரைன் படையினர் காத்து நின்றனர். கீழே உள்ள முறைகள் அவர்களுடைய அன்றாட வழக்கத்தை ஒட்டியவை.

முதல் கணக்கு தண்ணீருக்கு. ஹெலிகாப்டர் இறக்கினால்தான் உச்சியில் தண்ணீர் என்பதால், குளியலையும் சவரத்தையும் தொடக்கத்திலேயே கைவிட்டு, குடிப்பதற்கு மட்டும் ஆளுக்கு அளந்து கொடுக்க வேண்டும்.

காலை மூடுபனி கலையும்வரை, குண்டை உயர எறிந்து விழச்செய்யும் குழாய்ப் பீரங்கியான எதிரியின் மோர்ட்டாருக்குக் குறி கிடைக்காது; முள்கம்பி வேலியைச் செப்பனிடுவது, அகழியை ஆழப்படுத்துவது, மணல்மூட்டை அடுக்குவது ஆகிய வேலைகளை அதற்குள் முடித்துவிட வேண்டும். அதே பனி எதிரிக்கும் மறைப்பு என்பதால், வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு ஆள் இருப்பது அவசியம்.

பனி விலகியபின் காதுதான் காவல். மோர்ட்டார் குழாயிலிருந்து குண்டு கிளம்பும்போது 'தொப்' என்று மந்தமான ஓசை எழும்; அதைக் கேட்டவர் உடனே குரல் கொடுத்தால், குண்டு வந்து விழுவதற்குள் அனைவரும் அகழிக்குள் பாய்ந்துவிடலாம். இக்குன்றில் தினமும் காலையில் எக்காளம் முழங்கக் கொடியேற்றிய வீரர்களும் இந்தச் சில நொடிகளை நம்பியே நின்றனர். வீண் வீம்பு என்று சிலர் சொல்லக்கூடும். தாகத்திலும் தூக்கமின்மையிலும் கிடந்த படைக்கு அது தேவைப்பட்டது என்றே நான் கருதுகிறேன்.

ஹெலிகாப்டர் வரும் வேளையே மிகவும் ஆபத்தானது, ஏனெனில் அது தரையைத் தொடும் இடத்தை நோக்கித்தான் குண்டுகள் வந்து குவியும். ஆகவே இறங்குமிடத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். காயம்பட்டவர்களைத் தூக்கிச் செல்வோர் அருகிலுள்ள அகழியிலேயே படுத்திருந்து, சக்கரம் தரையில் பட்டதும் ஓட வேண்டும். பிப்ரவரி 24 முதல் ஏ-4 ஸ்கைஹாக் ஜெட் விமானங்கள் முன்னே வந்து எதிரியின் துப்பாக்கிகளைத் தாக்கிப் புகைத்திரை விரிக்க, சிஎச்-46 ஹெலிகாப்டர்கள் கூட்டமாக வந்து, அடியில் தொங்கும் வலைகளில் இருந்த சரக்கைத் தரையில் விட்டுவிட்டு நிற்காமல் பறந்தன. இழப்பு வெகுவாகக் குறைந்தது இதற்குப் பிறகுதான்.

இரவில் எலித்தொல்லை உண்டு. முகத்தையும் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டும். கீழுள்ள தளத்தை நோக்கி ராக்கெட் கிளம்புவதைக் காவலில் இருப்பவர் கண்டால், வேறெதையும் செய்வதற்கு முன் ரேடியோவில் தளத்துக்கு எச்சரிக்கை சொல்ல வேண்டும்.