அப்பா உளற ஆரம்பித்தபோது நான் செய்த தவறுகள்

முற்றிய நோயின் வலியையும் அவதியையும் தணிக்கிற பாலியேட்டிவ் குழுவோடு வீடு வீடாகப் போய்வர ஆரம்பித்ததிலிருந்து ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். புற்றுநோய் முற்றிய அம்மாவோ அப்பாவோ திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுவார். பிள்ளைகள் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, "நான் யாரு சொல்லுங்க, இது யாரு சொல்லுங்க" என்று கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். என் அப்பா பள்ளி ஆசிரியர், ஊர்ப்பிள்ளைகளுக்கெல்லாம் பரீட்சை வைத்தவர். அவருக்கு நான் பரீட்சை வைத்தேன். பதில் வராத ஒவ்வொரு முறையும் அவர் முகம் சுருங்கியதுதான் மிச்சம். "நான் உங்க பையன்பா, பக்கத்துலதான் இருக்கேன்" என்று நாமே சொல்லிவிட்டால் முடிந்தது.

"இனி அவ்வளவுதான்" என்று நாமே முடிவு கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வருகிறது. பெரும்பாலும் என் மேல்தான்.

அப்பா ஒரு சாயங்காலம் போர்வையைப் பிய்க்க ஆரம்பித்தார். எழுந்து எழுந்து கதவைப் பார்த்தார், செத்துப்போன சித்தப்பாவைக் கூப்பிட்டார். நோய் மூளைக்குப் போய்விட்டது, கடைசி நேரம் வந்துவிட்டது என்று நாங்களே பேசி முடித்து, சொந்தக்காரர்களுக்கும் சொல்லிவிட்டோம். டாக்டருக்கு மட்டும் சொல்லவில்லை. நான்கு நாள். ஐந்தாவது நாள் வழக்கமாக வரும் நர்ஸ் தொப்புளுக்குக் கீழே லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்போ நல்லா யூரின் போனார்?" என்று கேட்டார். துணி அடிக்கடி நனைந்ததால் போகிறது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் சிறுநீர்ப்பை நிரம்பி, தாங்காமல் சொட்டியதாம் அது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. அன்று ராத்திரி தூங்கினார், மறுநாள் காலை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதன்பின் அவருக்கு இருந்தது 17 நாள். அதற்கு முன்னால் நான்கு நாளை நாங்கள் தூக்கிப் போட்டிருக்கிறோம்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்து, பகலில் கொஞ்சம் தெளிந்து ராத்திரியில் கூடுகிற குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். மலச்சிக்கல், கிருமித்தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, ரத்தத்தில் கால்சியம் ஏறுவது, புதிதாகச் சேர்த்த மாத்திரை, தூக்கத்தைக் கெடுக்கிற ஸ்டீராய்டு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், இரண்டு மூன்று சேர்ந்தும் இருக்கலாம். எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது. கடைசி நாட்களில் வருவது பெரும்பாலும் தெளியாது, அப்போதும் பதற்றத்தைத் தணிக்க மருந்து இருக்கிறது. ஆனால் எது தெளியும், எது தெளியாது என்று சொல்ல வேண்டியது நாம் இல்லை. அன்றைக்கே போன் பண்ணுங்கள். எப்போது ஆரம்பித்தது, கடைசியாக மலம், சிறுநீர் எப்போது போனது, காய்ச்சல் உண்டா, எந்த மருந்து மாறியது என்பதைத் தாளில் எழுதிவைத்துக்கொண்டு பேசுங்கள்.

மார்ஃபினை நாமாக நிறுத்துவது

வலிக்குக் கொடுக்கிற மார்ஃபினாலும் குழப்பம் வரும், உண்மைதான். சிறுநீரகம் சோர்ந்திருந்தால் மருந்தின் கழிவு உடம்பில் தங்கி, கை கால் திடீர் திடீரென்று வெட்டி இழுக்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அதைச் சொன்னால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். நாமே சட்டென்று நிறுத்தினால் வலி திரும்பி வரும், வலியோ குழப்பத்தை இன்னும் கூட்டும்.

நோயாளியின் கையைக் கட்டிப்போடுவது

வேண்டாம்.

சத்தமில்லை என்று நிம்மதியாவது

கத்துகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்தபடி, கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பி, பாதி வாக்கியத்தில் நழுவிப்போகிறவரை "பாவம், அசதி" என்று விட்டுவிடுவோம். அதுவும் டெலிரியமாக இருக்கலாம்.

கண்ணாடியையும் காது மெஷினையும் கழற்றி வைத்துவிடுவது

மாட்டிவிடுங்கள். ராத்திரியில் சின்ன விளக்கு ஒன்றும் எரியட்டும்.

திருத்திக்கொண்டே இருப்பது

டியூப் போட்டு நன்றாகத் தெளிந்த அப்பா, கடைசி வாரத்தில் மறுபடி குழம்பினார். இந்த முறை உடனே சொன்னோம். டாக்டர் பார்த்துவிட்டு, இது தெளியாது என்றார். "மணி அடிச்சாச்சாடா?" என்று ராத்திரி இரண்டு மணிக்குக் கேட்பார். ரிட்டயர் ஆகி எத்தனையோ வருஷமாச்சு, ஸ்கூலும் இல்லை ஒன்றும் இல்லை என்று முதல் நாள் விளக்கிப் பார்த்தேன், என்னை அடிக்கக் கை ஓங்கினார். மறுநாள் அதையே கேட்டபோது, "இன்னும் இல்லப்பா, நேரம் இருக்கு" என்றேன். சரி என்று தலையணையில் சாய்ந்துகொண்டார்.