மூன்று நாளில் பரு அடங்கினால் சந்தேகப்படுங்கள்

பள்ளி வயதில் பரு வந்தால் "வயசு அப்படி, தானா போயிடும்" என்பார்கள். முப்பதை நெருங்கும்போது வந்தால் "முகம் சரியா கழுவுறதில்லையா?" என்று கேட்கிறார்கள். எனக்கு 28 வயதில் தொடங்கியது. தாடையோரத்திலும் மோவாயிலும், தொட்டாலே வலிக்கும் உருண்டைகள். அதிலிருந்து மீள மூன்று வருடம் ஆனது. இன்று சருமப் பராமரிப்பு ஆலோசனை சொல்வதுதான் என் வேலை. என்னிடம் வருகிறவர்கள் நான் செய்த தவறுகளையே, கிட்டத்தட்ட அதே வரிசையில், செய்துவிட்டு வருவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

பருவைக் கிள்ளக் கூடாது, மேக்கப்போடு தூங்கக் கூடாது என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அது உங்களுக்கே தெரியும்.

## தோல் இழுக்கும்வரை கழுவுவது

கழுவி முடித்ததும் முகம் வறண்டு இழுத்தால் சுத்தமாகிவிட்டது என்று நினைத்து, ஒரு நாளைக்கு ஐந்து முறை கழுவினேன். பரு மேலே இருக்கும் அழுக்கால் வருவதில்லை. மயிர்த்துளைக்குள் எண்ணெய் கூடுதலாகச் சுரக்கிறது. உள்ளே உதிரும் செல்கள் அதில் ஒட்டி வழியை அடைக்கின்றன. அங்கே வாழும் பாக்டீரியா பெருகுகிறது. உடல் அதை எதிர்க்கும்போது வீங்குகிறது. அந்த அடைப்பு வரை ஃபேஸ்வாஷ் போய்ச் சேராது. காலையும் இரவும் மென்மையான ஒன்றால் கழுவினால் போதும், நன்றாக வியர்த்தால் இன்னொரு முறை. முகம் எண்ணெய் வழிந்தாலும் மாய்ஸ்சரைசரை விடாதீர்கள். வறண்டு எரியும் தோல் எந்தப் பரு மருந்தையும் தாங்காது.

## முகத்தையே மாற்றிவிடும் க்ரீம்

இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டும்.

உடன் வேலை செய்த தோழி ஒருத்தி, என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல், தான் பூசும் ட்யூபைக் கொடுத்தாள். இரவு பூசினேன். மூன்றாம் நாள் காலையில் வீக்கம் வற்றியிருந்தது, சிவப்பு இல்லை, நிறம்கூட ஒரு படி வெளுத்திருந்தது. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன். ஐந்து மாதம் விடாமல் பூசினேன். அப்புறம் ட்யூப் தீர்ந்துபோய்ப் பத்து நாள் இடைவெளி விழுந்தது. முகம் நெருப்பாக எரிந்தது. வாயைச் சுற்றிலும் கன்னத்திலும் ஒரே அளவில் பொடிப் பொடியாகக் கொப்புளங்கள். திரும்பப் பூசினால் இரண்டே நாளில் அடங்கியது. ஆகவே அது நல்ல மருந்து என்று இன்னும் உறுதியாக நம்பினேன்.

தோல் மருத்துவர் அந்த ட்யூபைத் திருப்பி ஒரே ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டினார்: பீட்டாமெதசோன். ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு வீக்கத்தை அமுக்கும். ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால்தான் சிவப்பு மறைந்து முகம் வெளுத்த மாதிரி தெரிகிறது. துளைக்குள் இருக்கும் அடைப்பை அது எதுவும் செய்வதில்லை. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்துபோகும், நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெளியே தெரியத் தொடங்கும், மயிர் கூடுதலாக வளரலாம். ஸ்டீராய்டே புதிய பருக்களை உண்டாக்கும். நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் பொங்கி வரும். அந்தப் பொங்கலைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவதில்தான் ஆள் மாட்டிக்கொள்கிறார். எனக்கு மருத்துவர் வீரியம் குறைந்த ஒன்றுக்கு மாற்றி, பிறகு அதையும் நிறுத்தி, வெறும் மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் மட்டும் பூசச் சொன்னார். எட்டு மாதம் ஆனது. இடது கன்னத்தில் சிவப்பு நூல்போன்ற கோடுகள் இன்னும் இருக்கின்றன.

போன மாதம் ஒரு பெண் இதே மாதிரி ஒரு ட்யூபை என் மேஜைமேல் வைத்து, "அக்கா, இது ஒண்ணுதான் என் முகத்துக்குக் கேக்குது" என்றாள். நான்கு மாதமாகப் பூசுகிறாளாம். கொடுத்தது அவளுடைய அத்தை. எனக்கு எரிச்சலும் வருத்தமும் ஒன்றாக வருவது இங்கேதான். இந்த க்ரீமைப் பெரும்பாலும் நம் மேல் பிரியமுள்ளவர்கள்தான் நம் கையில் வைக்கிறார்கள். அதனால் யாரும் ட்யூபைத் திருப்பிப் படிப்பதில்லை.

படியுங்கள். பீட்டாமெதசோன், மொமெட்டசோன், ஃப்ளூட்டிக்கசோன், குளோபெட்டசால், ஃப்ளூசினோலோன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் அது பரு மருந்து இல்லை. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், ஒரு ஸ்டீராய்டு என மூன்றும் கலந்த க்ரீம்கள் மங்குக்காக, குறுகிய காலத்துக்கு, மருத்துவர் கண்காணிப்பில் பூச வேண்டியவை. உட்பொருள் பட்டியலே இல்லாத டப்பா என்றால் தொடவே வேண்டாம். வெளுக்க வைக்கும் க்ரீம்கள் சிலவற்றில் பாதரசம்கூட இருந்திருக்கிறது, அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஏற்கெனவே நீண்ட நாளாகப் பூசிக்கொண்டிருப்பவர் என்றால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கி எறியாதீர்கள். எப்படிக் குறைத்து நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

## தெரிகிற பருவுக்கு மட்டும் மருந்து வைப்பது

இன்று கண்ணாடியில் பார்க்கும் பருவின் அடைப்பு, கண்ணுக்குத் தெரியாத அளவில் பல வாரம் முன்பே தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் வரப்போவது இப்போது தெளிவாகத் தெரியும் தோலுக்கு அடியில் இருக்கிறது. ஆகவே அடாபலீன் போன்ற ரெட்டினாய்டை (துளை அடைபடாமல் தடுக்கும், வைட்டமின் ஏ வகை மருந்து) பொட்டு வைப்பதுபோல் வைத்துப் பயனில்லை. பரு வரும் பகுதி முழுக்கப் பூச வேண்டும். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. கழுவிய முகம் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் மூன்று நாளுக்கு ஒரு இரவு, தாங்கினால் ஒன்றுவிட்டு ஒரு இரவு, அப்புறம் தினமும். எரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் மருந்து.

## ஆறாவது வாரத்தில் கைவிடுவது

ரெட்டினாய்டு தொடங்கிய முதல் சில வாரங்களில் பரு கூடுவதுபோல் தோன்றும், தோல் உரியும். நான் இரண்டு முறை அந்தக் கட்டத்திலேயே விட்டுவிட்டேன். பன்னிரண்டு வாரம் கொடுங்கள். அதற்குள் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள். ஒரே வாரத்தில் மூன்று சீரம் தொடங்கினால் எது உதவியது, எது கெடுத்தது என்று கடைசிவரை தெரியாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. ஆனால் முகம் வீங்கினாலோ, தாங்க முடியாமல் எரிந்தாலோ நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

## சதவீதத்தைக் கூட்டுவது

பருவின் பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதமே 10 சதவீதத்துக்கு ஏறக்குறைய ஈடாக வேலை செய்கிறது, எரிச்சல் குறைவு. தலையணை உறை மட்டும் வெள்ளையாக இருக்கட்டும், துணியின் நிறத்தை வெளுத்துவிடும்.

## ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகப் பூசுவது

வேண்டாம். கூடவே பென்சாயில் பெராக்சைடு இல்லையென்றால் பாக்டீரியா அந்த மருந்துக்குப் பழகிவிடும்.

## சன்ஸ்கிரீனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது

மாநிறமும் கறுப்பும் உள்ளவர்களுக்குப் பரு போன பிறகும் கறை மாதக்கணக்கில் நிற்கும். வெயில் அதை இன்னும் கருக்க வைக்கும். எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல், இரண்டு விரல் நீளத்துக்கு. கறைக்கென்று தனி சீரம் வாங்குவதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள்.

## அரிக்கும் பொடிகளைப் பரு என்று நினைப்பது

நெற்றியிலும் மார்பிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு பொடிப் பொடியாக வந்தால் அது பூஞ்சையால் இருக்கலாம். ஆன்டிபயாடிக் போட்டால் அது அதிகமாகக்கூடும். காட்டிவிட்டு மருந்து போடுங்கள்.

## தாடைப் பருவை க்ரீமோடு மட்டும் எதிர்கொள்வது

ஒவ்வொரு மாதவிடாய்க்கும் சில நாள் முன்னால் தாடையோரம் வலியோடு வீங்குகிறதா? மாதவிடாய் தள்ளித் தள்ளி வருகிறதா, மோவாயில் முரட்டு மயிர் முளைக்கிறதா? அப்படியென்றால் ஹார்மோன் பரிசோதனை தேவைப்படலாம், சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையும் இருக்கலாம். அதற்கு மாத்திரை சிகிச்சைகள் உண்டு. குழி விழும் அளவுக்கு ஆழமான பரு என்றாலும் காத்திருக்காதீர்கள். தழும்பு விழுந்த பிறகு அதைச் சரிசெய்வது பருவைச் சரிசெய்வதைவிடப் பல மடங்கு கடினம்.

மருத்துவரிடம் போனதும், கர்ப்பமாக இருந்தாலோ அதற்குத் திட்டமிட்டிருந்தாலோ, அதை முதலில் சொல்லுங்கள். ரெட்டினாய்டு க்ரீம்களை அப்போது தவிர்க்க வேண்டும். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும், கர்ப்பத்தில் அதை எடுக்கவே கூடாது. அசெலாயிக் அமிலம் போல அந்தக் காலத்திலும் பூசக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. கேட்டால் எழுதித் தருவார்கள்.