வசந்தத்துல பூ, பூச்சி, பறவையெல்லாம் பதிவு பண்றது எப்படி? புதுசா வர்ற தன்னார்வலர்களுக்கு

முதல்ல இடம். நடந்தே போய் வர்ற தூரத்துல ஒரு இடத்தை எடுத்துக்கோங்க, பூங்காவோ ரோட்டோரப் புல்லோ குளத்தங்கரையோ எதுவா இருந்தாலும் சரி, ஆனா வாராவாரம் அதே வழியில, முடிஞ்சவரை அதே நேரத்துல நடங்க. எங்கேயோ தூரத்துக் காட்டுக்கு ஒரே ஒரு தடவை போய் அபூர்வமான பறவையைப் பாத்துட்டு வர்றதைவிட இதுக்குத்தான் மதிப்பு அதிகம்னு நான் உறுதியா நம்புறேன், ஏன்னா வசந்தத்துல எல்லாமே வாரத்துக்கு வாரம் மாறும், எது எப்ப முதல்ல பூத்துது, எது எப்ப முதல்ல கத்துச்சுன்னு அங்கேயே திரும்பத் திரும்பப் போறவங்களுக்குத்தான் தெரியும். இங்கிலாந்துல ராபர்ட் மார்ஷம்னு ஒருத்தர் 1736லயே தன் ஊர்ல முதல் பூ, முதல் தவளைச் சத்தம், முதல் இலைன்னு தேதி போட்டு எழுத ஆரம்பிச்சாரு, அவர் குடும்பத்துல தலைமுறை தலைமுறையா 1958 வரைக்கும் அதைத் தொடர்ந்தாங்க. எல்லாமே ஊர்ல சாதாரணமா இருந்த மரமும் பறவையும்தான். இன்னைக்கு காலநிலை மாற்றத்தை ஆராயுறவங்க அந்தக் குறிப்பைத்தான் எடுத்துப் பாக்குறாங்க.

ஒரு பதிவுன்னா நாலு விஷயம் இருக்கணும்: என்ன, எங்க, எப்ப, யார் பாத்தது. இதுல "எங்க" தான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். பூங்கா பேரை மட்டும் போட்டா பத்தாது, ஜிபிஎஸ் எண்ல புள்ளிக்கு அப்புறம் நாலு இலக்கம் இருந்தா ஏறக்குறைய 11 மீட்டருக்குள்ள இடத்தைச் சொல்லிடலாம். போன் லொகேஷன் பிடிக்கிற வரைக்கும் கொஞ்சம் நின்னு எடுங்க.

பூவுக்கு ஒரு போட்டோ போதவே போதாது. முன்பக்கம், பக்கவாட்டு, பூவைத் திருப்பிப் புல்லிவட்டம் (பூவுக்கு அடியில இருக்குற பச்சைப் பகுதி), இலையோட மேலயும் கீழயும், இலை தண்டுல எதிரெதிரா இருக்கா மாறி மாறி இருக்கா, அப்புறம் முழுச்செடி. புல்தரையில மஞ்சளா பூக்குற டேன்டிலையான் செடியையே எடுத்துக்கோங்க, அதே மாதிரி மஞ்சப்பூ வேற பல செடியிலயும் இருக்கு, மேல இருந்து மட்டும் எடுத்தா யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. கீழ குனிஞ்சு பாத்தாத்தான் டேன்டிலையான்ல ஒரு தண்டுக்கு ஒரே பூ, தண்டுல இலையே இல்ல, உள்ள குழல் மாதிரி காலி, ஒடைஞ்ச இடத்துல பால் வரும்னு தெரியும். தண்டு கிளை விட்டிருந்தா அது வேற செடி. அதுக்காகப் பறிக்க வேண்டாம், ஏற்கனவே ஒடிஞ்சு கிடக்குறதைப் பாத்தாலே போதும்.

பூ மேல உக்காந்திருக்குறது எல்லாம் தேனீ இல்ல. தேனீக்கு நாலு இறக்கை, அதே மஞ்சள் கருப்பு பட்டையோட அந்தரத்துல நிக்கிற ஈக்கு ரெண்டுதான், ஆன்டெனாவும் ரொம்பக் குட்டை, கண்ணு தலையையே மூடுற அளவுக்குப் பெருசு. தலையைத் தெளிவா எடுத்தீங்கன்னா பாதி வேலை முடிஞ்சுது.

பறவைக்கு ஈபேர்ட்ல (பறவைப் பதிவுக்கான ஆப்) போடுறீங்கன்னா பாத்த, கேட்ட எல்லாத்தையும் போடுங்க, காக்கா புறாவையும் சேத்துத்தான். முழு லிஸ்ட்டா இருந்தாத்தான் லிஸ்ட்ல இல்லாத பறவைக்கும் அர்த்தம் வரும், அது நீங்க எழுத மறந்தது இல்ல, உங்க கண்ணுலயும் காதுலயும் படவே இல்லன்னு தெரியும்.

பேர் தெரியலன்னா தெரியலன்னே விடுங்க. பதிவு போடுற ஐநேச்சுரலிஸ்ட் ஆப் போட்டோவைப் பாத்துக் காட்டுற முதல் பேரை அப்படியே அமுக்காம, கடுகுக் குடும்பம்ங்கிற மாதிரி குடும்பம் வரைக்கும் உறுதியா தெரிஞ்சா அது வரைக்கும் போடுங்க, மீதியைத் தெரிஞ்சவங்க வந்து சொல்லுவாங்க. அங்க பேர் சொன்னவங்கள்ல மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஒத்துப்போனாத்தான் அது ஆய்வுத்தரம் ஆகும், அங்கிருந்து ஜிபிஐஎஃப்னு உலக அளவுல இருக்கிற தரவுக் களஞ்சியத்துக்குப் போகும். அதனால யாராவது உங்க பதிவுக்குப் பேர் சொன்னதும் நன்றி சொல்ற மாதிரி "அக்ரீ" அமுக்கிடாதீங்க ப்ளீஸ், அவங்க சொன்ன அடையாளத்தை நீங்களே பாத்து ஒத்துக்கிட்டா மட்டும் அமுக்குங்க. யாரோ நட்டு வச்ச செடின்னா அதையும் மறக்காம மார்க் பண்ணுங்க.

கூடு கட்டுற நேரம் இது, கூட்டுக்குக் கிட்ட போகவேண்டாம், போன்ல பறவைச் சத்தத்தை ஓட விட்டுப் பறவையை வரவைக்கவும் வேண்டாம். திருடு போற அளவுக்கு அரிதான ஆர்க்கிட் மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா லொகேஷனை மறைச்சுப் போடுங்க, வாட்சப் குரூப்ல மேப் லிங்க் அனுப்பவே கூடாது.

இன்னொண்ணு, பூ உதிர்ந்துடுச்சுன்னு அந்தச் செடியை விட்டுடாதீங்க. கடுகுக் குடும்பத்துச் செடியெல்லாம் பூவை வச்சுப் பிரிக்கிறது கஷ்டம், காயோட வடிவத்தைப் பாத்தாத்தான் பல நேரம் முடிவு பண்ண முடியும். ரெண்டு மூணு வாரம் கழிச்சுப் போய் காயை எடுங்க, புது தேதியில தனிப் பதிவாப் போட்டு, பழைய பதிவோட லிங்கைக் குறிப்புல ஒட்டிடுங்க.