பேஸ்பால் உதவித்தொகையும் டிராஃப்ட்டும்: கல்லூரியைத் தேர்வதற்கு முன்

காட்பாடியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ அமெரிக்கா சென்று குடியேறி, பேஸ்பால் ஆடும் பிள்ளைக்குக் கல்லூரி தேடும் பெற்றோர், 'முழு உதவித்தொகை' என்ற நினைப்பை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் உயர்மட்டமான முதல் பிரிவில் நெடுங்காலம் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைகளுக்குச் சமமான தொகையே அனுமதிக்கப்பட்டது. அதை 27 பேர் வரை பங்கிட்டதால், பெரும்பாலோருக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியே கிடைத்தது. 2025-26 முதல், விளையாட்டு வருவாயில் ஒரு பங்கை ஆட்டக்காரர்களுக்குத் தரும் உடன்பாட்டை ஏற்ற கல்லூரிகளில் அந்த உச்சவரம்பு நீங்கி, அணியில் 34 பேர் என்ற வரம்பு வந்துள்ளது. வரம்பு நீங்கியதாலேயே எல்லாக் கல்லூரிகளும் 34 பேருக்கும் பணம் தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். குடியாத்தத்து நிலத்தை அடகு வைக்கும் யோசனை வீட்டில் எழுவதற்கு முன்பே, தொகை எவ்வளவு, எத்தனை ஆண்டுகளுக்கு என்பதை எழுத்துமூலம் கேட்டுப் பெறுங்கள். மூன்றாம் பிரிவில் விளையாட்டு உதவித்தொகையே கிடையாது; படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி உண்டு.

அடுத்தது, தொழில்முறை அணிகள் புதிய ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்; இது ஜூலையில் 20 சுற்றுகளாக நடக்கிறது. பள்ளி முடித்தவரையும் அணிகள் எடுக்கலாம். ஆனால் நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடியும் வரை, அல்லது 21 வயது வரை, காத்திருக்க வேண்டும். ஜூனியர் கல்லூரி (இரண்டாண்டுக் கல்லூரி) மாணவருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை. டிராஃப்ட்டில் எடுக்கப்பட்டு அணியை விட்டுப் போய்விடுவார் என்று எதிர்பார்த்த கேட்சர் (வீசும் பந்தைப் பிடிப்பவர்) ஒப்பந்தத்தை மறுத்துக் கல்லூரிக்கே திரும்பினால், அதே இடத்துக்கு வரும் உங்கள் பிள்ளை பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும். ஆகவே, அந்த இடத்தில் இப்போது ஆடுபவர்கள் எந்த ஆண்டில் படிக்கிறார்கள் என்று பயிற்சியாளரிடம் தயங்காமல் கேளுங்கள்.