மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து முதல் கப்பல் சுற்றுலா: எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது

2023 இல் சென்னையிலிருந்து வந்த கோர்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று கரை தொட்டபோது, நம்ம பக்கத்தில் பலருக்கும் ஒரு ஆசை முளைத்தது. திருகோணமலை பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயே ஏறிவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. அது அப்படி நடக்காது. சுற்றுலாக் கப்பல் பெரும்பாலும் புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பும். இடையில் வரும் ஊர்கள் இறங்கிப் பார்த்துவிட்டு மாலையில் திரும்பி ஏறுவதற்கு மட்டுமே. இலங்கையர் பெரும்பாலும் போவது சிங்கப்பூருக்கு விமானத்தில் போய், அங்கிருந்து 3, 4 அல்லது 5 இரவுப் பயணம் ஏறுவதற்குத்தான். இந்த விளக்கம் அதை வைத்தே எழுதப்பட்டது.

முதல் தடவை போகிறவர்கள் படத்தைப் பார்த்துக் கப்பலைத் தெரிவு செய்து, காசைக் கட்டி, விமானச்சீட்டும் எடுத்துவிட்டுக் கடைசியில் விசாவைப் பற்றி விசாரிக்கிறார்கள். இந்த ஒழுங்கு தலைகீழ். நமது கடவுச்சீட்டுக்கு முதலில் பார்க்க வேண்டியது கப்பலை அல்ல, கப்பல் தொடும் ஊர்களை.

படி 1: கடவுச்சீட்டைத் திறந்து இரண்டு விடயம் பாருங்கள்

முதலாவது, காலாவதித் திகதி. பயணம் முடியும் நாளிலிருந்து இன்னும் 6 மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் முதல் வேலை புதிய கடவுச்சீட்டு.

இரண்டாவது, பெயர். நம்ம ஊரில் தகப்பன் பெயர் முன்னுக்கு, சொந்தப் பெயர் பின்னுக்கு. கடவுச்சீட்டில் எது குடும்பப் பெயர்ப் பகுதியில் அச்சாகியிருக்கிறதோ, பதிவிலும் அதுவே குடும்பப் பெயர். முதலெழுத்தை மட்டும் போட்டுச் சுருக்கக் கூடாது. மொஹமட், அப்துல் போன்ற முன்பகுதிகளை விட்டுவிடவும் கூடாது. கடவுச்சீட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்தைப் பார்த்தால் எது எந்தப் பகுதி என்று தெளிவாகத் தெரியும். அதைப் பார்த்தே தட்டச்சு செய்யுங்கள்.

ஒரே வீட்டில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைக்கு இன்னொன்று என்பது நமக்கு வழமை. வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்கும் அலுவலருக்கு அது விளங்காது. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழை ஆங்கில மொழிபெயர்ப்போடு கையில் வையுங்கள். தாய் அல்லது தகப்பன் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போவதாக இருந்தால், மற்றவரின் சம்மதக் கடிதமும் தேவை.

கைக்குழந்தைக்கு 6 மாதமாவது நிறைந்திருக்க வேண்டும்; நீண்ட கடற்பயணங்களில் 12 மாதம். கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் 24 ஆவது வாரம் தொடங்கிவிட்டால் ஏற்றாது. கர்ப்ப வாரத்தைக் கணக்கெடுப்பது ஏறும் நாளை வைத்தல்ல, பயணம் முடியும் நாளை வைத்து.

படி 2: வழித்தடமும் விசாவும் மாதமும்

இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டும். அதிகம் பிழை விடுவதும் இங்கேதான்.

சிங்கப்பூருக்கு நமக்கு முன்விசா தேவையில்லை. வருகை அட்டையை மட்டும் இணையத்தில் இலவசமாக நிரப்ப வேண்டும், இறங்கும் நாளோடு சேர்த்து 3 நாளுக்குள். கப்பல் சுற்றிவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்புவதும் புதிய வருகைதான். அதற்கும் இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மலேசியாவுக்கு இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா வேண்டும், இணையத்தில் விண்ணப்பிக்கலாம். பினாங்கு, போர்ட் கிளாங் என்று கப்பல் தொட்டாலே இது பொருந்தும். "நான் இறங்கமாட்டேன், கப்பலிலேயே இருக்கிறேன்" என்பது பெரும்பாலும் எடுபடாது. விசா இல்லாதவரைக் கப்பல் நிறுவனம் சிங்கப்பூர் முனையத்திலேயே நிறுத்திவிடலாம், காசும் திரும்பாது. தாய்லாந்து 2024 ஜூலையில் இலங்கையரையும் விசா விலக்குப் பட்டியலில் சேர்த்தது. 2025 மே முதல் அங்கும் இணைய வருகை அட்டை கட்டாயம். இந்த விதிகள் மாறக்கூடியவை. முன்பணம் கட்டும் நாளில் ஒரு தடவை, புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது இன்னொரு தடவை அந்தந்த நாட்டின் குடிவரவுத் தளத்தில் பாருங்கள். முகவர் வாயால் சொன்னதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இதை வைத்துப் பார்த்தால், சிங்கப்பூரிலிருந்து புக்கெட்டுக்கு மட்டும் போய் வரும் பயணம்தான் தாள் வேலை குறைந்தது. ஆனால் அங்கே கடல் ஒரு நிபந்தனை வைக்கிறது. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பொதுவாகப் பாதொங் கடற்கரைக்கு வெளியே நங்கூரமிட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்கு விடும். நமக்குக் கச்சான் காற்று அடிக்கும் மே முதல் ஒக்டோபர் வரையான மாதங்களில் அந்தமான் கடல் கொந்தளிக்கும். அலை கூடினால் படகு ஓடாது, கப்பல் அந்த ஊரை விட்டுவிட்டுப் போய்விடும். திரும்பக் கிடைப்பது துறைமுக வரி மட்டும். பயணக் கட்டணம் கிடைக்காது. அது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும்.

ஆகவே சித்திரை விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால் புக்கெட் நல்லது. ஓகஸ்ட் விடுமுறை என்றால் மலேசிய விசாவை எடுத்துக்கொண்டு பினாங்கு போகும் பயணத்தைப் பிடியுங்கள். அங்கே கப்பல் ஜோர்ஜ் டவுனில் ஸ்வெட்டன்ஹாம் துறையிலேயே கட்டும், நடந்தே நகரத்துக்குள் போகலாம். போர்ட் கிளாங்கிலிருந்து கோலாலம்பூருக்கு வாகனத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். போக வர நேரம் கழித்தால் மிஞ்சுவது குறைவு. விலைக்கும் ஓகஸ்ட் பரவாயில்லை. சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைகள் ஜூன் மாதத்திலும், நொவெம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசெம்பர் முடியும் வரையும் வருகின்றன. இந்தியக் குடும்பங்கள் மே மாதம் நிறைய ஏறும். அந்த நாட்களைத் தவிர்த்து, வார இறுதியைத் தொடாத புறப்பாட்டைத் தேடினால் அதே அறை மலிவாகக் கிடைக்கும்.

டிசெம்பர் நமக்கு இன்னொரு வகையில் கரைச்சல். வெள்ளம் வந்தால் மன்னம்பிட்டிப் பக்கம் வீதியும் ரெயில் பாதையும் மூடப்படும். கப்பல் சிங்கப்பூரில் நிற்க, நீங்கள் வாழைச்சேனையில் நிற்பீர்கள். மாரியில்தான் போக வேண்டும் என்றால் இரண்டு மூன்று நாள் முன்கூட்டியே கொழும்புக்குப் போய்விடுங்கள்.

ஐரோப்பாவில் இருக்கும் உறவினரோடு மத்தியதரைக் கடல் பயணம் போகிறவர்களுக்கு ஒரு வரி: கப்பல் ஷெங்கன் நாடுகளை (ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) விட்டு வெளியே போய்த் திரும்பி வந்தால் பல நுழைவு விசா தேவை. ஒற்றை நுழைவு விசாவோடு துருக்கி போனவர் திரும்ப ஐரோப்பாவுக்குள் வர முடியாது.

படி 3: விளம்பர விலையைப் பிரித்துப் பாருங்கள்

விளம்பரத்தில் இருப்பது ஒருவருக்கான விலை, அதுவும் ஒரு அறையில் இருவர் என்ற கணக்கில். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இருவர் காசுக்குக் கிட்டக் கட்ட வேண்டும். மூன்றாம், நான்காம் ஆளுக்கு விலை குறையும். பிள்ளைகளோடு போகும் குடும்பத்துக்கு இது லாபம்.

அந்த விலைக்கு மேலே வருபவை: துறைமுக வரி, சேவைப் பணம் (கப்பல் ஊழியருக்கான டிப்ஸ்), இணையம், மதுவும் சோடாவும், கரையில் இறங்கிப் பார்க்கும் சுற்றுலா. சேவைப் பணம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 முதல் 20 அமெரிக்க டொலர் வரை வரும், பிள்ளைக்கும் சேர்த்துத்தான். நாளுக்கு 18 டொலர் என்று வைத்தால், நால்வர் கொண்ட குடும்பம் 4 இரவுக்கு 288 டொலர். இதைக் கணக்கில் போடாமல் ஏறுகிறவர் கடைசி நாள் பட்டியலைப் பார்த்துத் திடுக்கிடுவார். பிரதான உணவகம், பஃபே, அங்கே தரும் தண்ணீர், தேநீர், காலைச் சாறு ஆகியவை விலைக்குள் அடங்கும். இவற்றை வைத்தே வயிறு நிறையச் சாப்பிடலாம். தனிக் கட்டண உணவகம் முதல் பயணத்துக்குத் தேவையில்லை.

சாப்பாட்டுக் கேள்வி காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை ஆட்களுக்கு முக்கியம். சிங்கப்பூரிலிருந்து ஓடும் ஸ்டார்ட்ரீம் (2025 வரை ரிசோர்ட்ஸ் வேர்ல்ட்) நிறுவனத்தின் கெண்டிங் ட்ரீம் கப்பலில் ஹலால் சான்று பெற்ற உணவும், இந்திய மரக்கறி உணவும் உண்டு. மற்றக் கப்பல்களில் ஹலால் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஏறிய பிறகு கேட்டால் மீனும் மரக்கறியும்தான் கிடைக்கும்.

படி 4: அறை

உள் அறைக்கு யன்னல் இல்லை, அதுதான் மலிவு. அடுத்தது கடலைப் பார்க்கும் யன்னல், அதற்கு மேல் பல்கனி, அதற்கும் மேல் சூட் எனும் பெரிய சொகுசு அறை. 3 இரவுக்கு உள் அறையே போதும். அறையில் தூங்குவது மட்டும்தான். பல்கனிக்குக் கொடுக்கும் காசில் இன்னொரு இரவு சேர்த்துப் போகலாம்.

எங்கே இருக்கிறது என்பதுதான் எந்த வகை என்பதைவிட முக்கியம். கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் ஆட்டம் குறைவு. முன்னும் பின்னும், மேல் தளங்களிலும் ஆட்டம் கூடும். தள வரைபடத்தைத் திறந்து, உங்கள் அறைக்கு மேலும் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் தடாகத் தளம் என்றால் விடியக் காலையில் கதிரை இழுக்கும் சத்தம். கீழே நாடக அரங்கு என்றால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் அறைகளே இருக்கும் அறைதான் நல்ல அறை. "அறை எண் பின்னர் தரப்படும்" என்ற மலிவு வகையில் இந்தத் தெரிவு உங்கள் கையில் இருக்காது. குமட்டல் வரும் ஆட்கள் அதை எடுக்க வேண்டாம்.

படி 5: காசு கட்டுவது

முதலில் முன்பணம். மீதியைக் குறுகிய பயணங்களுக்கு ஏறத்தாழ 75 நாள், நீண்டவற்றுக்கு 90 நாள் முன்னதாகக் கட்ட வேண்டி வரும். அந்தத் திகதிக்குப் பிறகு ரத்துச் செய்தால் பிடிக்கும் தொகை படிப்படியாகக் கூடி, கடைசி வாரங்களில் முழுத்தொகையும் போய்விடும். முன்பணம் திரும்பக் கிடைக்கும் வகையா, கிடைக்காத வகையா என்பதை அழுத்துவதற்கு முன் வாசியுங்கள். ஒரு சின்ன விலைக் குறைவுக்காகத் திரும்பாத வகையை எடுப்பது, விசா இன்னும் கையில் இல்லாத நமக்குப் புத்தியல்ல.

விலை பொதுவாகச் சிங்கப்பூர் அல்லது அமெரிக்க டொலரில் இருக்கும். வங்கி தன் மாற்று விகிதத்தையும் கட்டணத்தையும் சேர்க்கும். அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதல் நாளே வங்கிக்கு அழைத்துக் கேளுங்கள். முகவர் மூலம் எடுத்தால், பிறகு எந்த மாற்றத்துக்கும் முகவரிடமே போக வேண்டும், கப்பல் நிறுவனம் உங்களோடு நேரடியாகக் கதைக்காது. முகவரிடம் பற்றுச்சீட்டு மட்டும் வாங்கிக்கொண்டு வராமல் பதிவு எண்ணையும் வாங்கி, நிறுவனத்தின் தளத்தில் போட்டு உங்கள் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

காப்புறுதி எடுக்கும்போது கப்பல் பயணமும், கடலிலிருந்து நோயாளியைக் கொண்டுபோகும் செலவும் அடங்குமா என்று கேட்டு எடுங்கள். கப்பல் வைத்தியர் இலவசமல்ல. நீரிழிவு, இரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். மறைத்தால் அதுவே மறுப்பதற்குக் காரணமாகும்.

படி 6: விமானம்

கப்பல் ஏறும் நாளுக்கு முந்தைய நாளே சிங்கப்பூரில் இருக்க வேண்டும். கட்டுநாயக்கவிலிருந்து நேரடி விமானம் ஏறத்தாழ 4 மணித்தியாலம். ஆனால் தாமதம் வந்தால் கப்பல் உங்களுக்காக நிற்காது. திரும்பும் நாளில் காலையிலேயே இறங்கலாம் என்றாலும் வரிசை நீளும், ஆகவே பிற்பகல் விமானத்தையே எடுங்கள். கப்பல் மரீனா பே முனையமா, ஹார்பர்ஃப்ரண்ட் முனையமா என்று சீட்டில் பாருங்கள். இரண்டும் வேறு வேறு இடம். முதலாவதற்கு மரீனா சவுத் பியர் ரெயில் நிலையம், இரண்டாவதற்கு ஹார்பர்ஃப்ரண்ட் நிலையம்.

படி 7: பெட்டியும் ஏறும் நாளும்

இணையப் பதிவு சில வாரம் முன்னதாகத் திறக்கும். அதில் ஏறும் நேரத்தைத் தெரிவு செய்து, சாமான் பட்டிகளை அச்செடுங்கள். முனையத்தில் பெரிய பெட்டியைச் சுமை தூக்குவோரிடம் கொடுத்தால் அது மாலையில்தான் அறைக்கு வரும். கடவுச்சீட்டு, மருந்து, ஒரு மாற்றுடுப்பு ஆகியவை கைப்பையில். மின் அழுத்தி, கேத்தல், ரைஸ் குக்கர் எதுவும் வேண்டாம், எடுத்து வைத்துக்கொள்வார்கள். கப்பலின் செருகிகள் பெரும்பாலும் அமெரிக்கத் தட்டை முனையும் ஐரோப்பிய உருண்டை முனையும்தான். நம்ம மூன்று முனைச் செருகிக்கு மாற்றி தேவை.

ஏறியவுடன் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012 இல் கோஸ்டா கொன்கோர்டியா இத்தாலிக் கரையில் கவிழ்ந்தபோது, புதிதாக ஏறியவர்களுக்கு அது இன்னும் நடந்திருக்கவில்லை. அதன்பின் புறப்படுமுன் அல்லது புறப்பட்டவுடன் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். சாப்பாட்டுக்கு முன் அதை முடித்துவிடுங்கள்.

கைப்பேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். இல்லாவிட்டால் நடுக்கடலில் கப்பலின் செய்மதி வலையமைப்பில் தானாக ஒட்டி ரோமிங் கட்டணம் ஏறும். நேரமும் ஒரு பொறிதான். சிங்கப்பூரும் மலேசியாவும் ஒரே நேரம். தாய்லாந்து 1 மணித்தியாலம் பிந்தியது. புக்கெட்டில் இறங்கியதும் கைப்பேசி தானாகப் பின்னுக்குப் போகும். கப்பல் தன் நேரத்தை மாற்றாமல் வைத்திருந்தால், கைப்பேசியை நம்பியவர் ஒரு மணித்தியாலம் பிந்திக் கரையில் நிற்பார். சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்றைக் கப்பல் நேரத்துக்குத் திருகிக் கட்டிக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்குச் சின்னரிசின் வில்லையை வைத்தியரிடம் கேட்டு, ஏறுவதற்கு இரண்டு மணித்தியாலம் முன்பே போடுங்கள். வாந்தி தொடங்கிய பின் விழுங்கும் வில்லை வயிற்றில் தங்காது.

படி 8: இறங்குமுன்

கப்பலில் காசு கையால் கொடுப்பதில்லை, எல்லாம் அறை அட்டையில் ஏறும். கடைசி இரவே கணக்கைத் தொலைக்காட்சியிலோ சேவை மேசையிலோ பாருங்கள். பிழை இருந்தால் அன்றிரவே சொல்லுங்கள், காலையில் அந்த மேசையில் பெரிய வரிசை நிற்கும். டெபிட் அட்டை கொடுத்திருந்தால், நிறுவனம் முன்கூட்டித் தடுத்து வைத்த தொகை விடுபட ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். ஆகவே கட்டுநாயக்கவிலிருந்து ஊருக்கு வரும் வான் காசை அந்தக் கணக்கில் விடாமல் தனியாகக் கையில் எடுத்து வையுங்கள்.